ஊரும் பள்ளியும் சேர: மேலாண்மைக் குழுவா, நன்கொடையா?

எங்கள் ஏற்காடு மலையில் அரசுப் பள்ளியும் ஊரும் நெருங்கி வர எது உதவும் என்று கேட்டால், ஆளுக்கு ஒன்று சொல்வார்கள்.

நன்கொடை வேகமானது. 2022 டிசம்பரில் தொடங்கிய ‘நம்ம ஸ்கூல் நம்ம ஊரு பள்ளி’ திட்டத்தில் முன்னாள் மாணவர்களும் நிறுவனங்களும் பணம் தரலாம். பெயிண்ட், பெஞ்ச் எல்லாம் சீக்கிரம் வந்துவிடும்.

பள்ளி மேலாண்மைக் குழு மெதுவானது. 2009 கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால்வாசிப் பேர் பெற்றோர், பாதிப் பேர் பெண்கள். பள்ளி வளர்ச்சித் திட்டம் தயாரிப்பதும் அவர்கள் பொறுப்பு. ஆனால் காபிப் பழம் பறிக்கும் மாதங்களில் மதியம் மூன்று மணிக்குக் கூட்டம் வைத்தால் யார் வருவார்கள், அன்றைய கூலி போய்விடுமே! நான் போன ஒரு கூட்டத்தில் நாலே பேர். மீதிக் கையெழுத்துக்கு நோட்டு வீடு வீடாகப் போனது. மனசுக்கு ரொம்பக் கஷ்டமாக இருந்தது.

அப்புறம் ஒருநாள் சாயங்காலம் ஆறு மணிக்கு, எஸ்டேட் தொழிலாளர்கள் குடியிருக்கும் லைன் வீட்டு வாசலிலேயே உட்கார்ந்து பேசினோம். இருபது பேருக்கு மேல் வந்தார்கள், கையில் பழக்கறை கூடப் போகவில்லை. ஒரு அம்மா சொன்னார்: “புது ஃபில்டர் மாட்டியிருக்காங்க சார், ஆனா மேல தொட்டிக்குத் தண்ணியே ஏறலையே, பிள்ளைங்க ஊத்துக்குத்தான் போகுது.”

அந்த ஃபில்டர் நன்கொடையில் வந்தது. கொடுத்தவர் மனசு நல்ல மனசுதான், மோட்டாரைப் பற்றி அவரிடம் சொல்ல ஆளில்லை. அதனால் என் ஓட்டு குழுவுக்குத்தான்: முதலில் கூட்டத்தை வேலை முடியும் நேரத்துக்கு மாற்றுங்கள், அங்கே எழுதும் பட்டியலோடு நன்கொடையாளரிடம் போங்கள்.