சப்போர்ட்டட் லிவிங்: தம்பி அங்கே குடியேறி ஆறு ஆண்டுகள்

இங்கிலாந்தில் மூளைக்காயம் அடைந்த ஒருவரை வீட்டில் வைத்துப் பார்த்துக்கொண்டு, இனி என்ன செய்வது என்று யோசிக்கும் தமிழ்க் குடும்பங்களுக்காக இதை எழுதுகிறேன். என் தம்பி சைக்கிளில் போகும்போது கார் மோதித் தலையில் அடிபட்டவன். மருத்துவமனை, புனர்வாழ்வுப் பிரிவு, பிறகு எங்கள் வீடு என்று இருந்துவிட்டு, இப்போது ஆறு ஆண்டுகளாக லண்டனில் ஒரு சப்போர்ட்டட் லிவிங் வீட்டில் வசிக்கிறான். நான்கு தனித்தனி ஃபிளாட்டுகள், கீழே உதவியாளர்களுக்கு ஓர் அறை, பொதுவாக ஒரு சின்னத் தோட்டம். மொத்தத்தில் நல்ல ஏற்பாடு. ஆனால் அது நல்லதாகவே நீடிக்க வீட்டார் விடாமல் பின்னால் நிற்க வேண்டியிருக்கிறது. அதை எந்தத் துண்டுப்பிரசுரத்திலும் போடமாட்டார்கள்.

கேர் ஹோம் வேறு, இது வேறு. கேர் ஹோமில் இடம், சாப்பாடு, பராமரிப்பு எல்லாவற்றுக்கும் ஒரே நிர்வாகம், ஒரே கட்டணம். இங்கே தம்பி வாடகைக்குக் குடியிருப்பவன். ஒப்பந்தம் அவன் பெயரில், சாவி அவன் கையில். உதவியாளர் கதவைத் தட்டிவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். கட்டடம் ஒரு வீட்டுவசதிச் சங்கத்துக்குச் சொந்தம். உதவி செய்வது வேறொரு நிறுவனம். அதற்குப் பணம் கொடுப்பது கவுன்சில், அதாவது உள்ளூராட்சி மன்றம். இப்படிப் பிரித்து வைத்திருப்பதன் பலன் மூன்றாம் ஆண்டில் தெரிந்தது. பராமரிப்பு நிறுவனம் சரியில்லை என்று கவுன்சில் அதை மாற்றியபோது தம்பி வீடு மாறவில்லை, வந்துபோகிறவர்கள்தான் மாறினார்கள். தலைவலியும் இதிலேயே இருக்கிறது. குளியலறைக் கைப்பிடி கழன்றால் அது யார் வேலை என்று இரண்டு பக்கமும் மின்னஞ்சல் பறக்கும், கைப்பிடி பாட்டுக்குத் தொங்கிக்கொண்டிருக்கும். பராமரிப்புச் சேவைகளைச் சோதிக்கும் கேர் குவாலிட்டி கமிஷனின் தரக்குறியீட்டை மட்டும் பார்த்து ஏமாற வேண்டாம். சப்போர்ட்டட் லிவிங்கில் அவர்கள் சோதிப்பது உடல் பராமரிப்புச் சேவையைத்தான், கட்டடத்தை அல்ல.

இடம் கிடைப்பதற்கு முன்னால் ஒரு பெரிய தடை இருக்கிறது: மதிப்பீடு. 2014ஆம் ஆண்டின் பராமரிப்புச் சட்டப்படி கவுன்சில் ஆள் அனுப்பித் தேவைகளைக் கணிக்க வேண்டும். வந்தவர் மிகவும் அன்பானவர். வரவேற்பறை சோபாவில் உட்கார்ந்து, "சமைப்பீர்களா? கடைக்குப் போவீர்களா? மாத்திரை எடுத்துக்கொள்வீர்களா?" என்று கேட்டார். தம்பி எல்லாவற்றுக்கும் அழகாகப் பதில் சொன்னான். கோழிக்கறிக்கு வெங்காயத்தை எவ்வளவு வதக்க வேண்டும் என்றுகூட விளக்கினான். குறைந்த உதவி போதும் என்று அறிக்கை வந்தது.

அவன் பொய் சொல்லவில்லை. தெரிந்ததைச் சொன்னான். மூளையின் முன்மடல் அடிபட்டவர்களுக்கு அறிவும் பேச்சும் அப்படியே இருக்கலாம். எழுந்து தொடங்குவதும், தொடங்கியதை வரிசை தவறாமல் முடிப்பதும், இடையில் போதும் என்று நிறுத்துவதும்தான் கெட்டுப்போகும். இந்தத் துறையில் இதை முன்மடல் முரண் என்கிறார்கள். கேட்டால் எல்லாம் தெரியும், விட்டால் மாலைவரை பசியோடு உட்கார்ந்திருப்பான். எனவே மதிப்பீட்டைச் சமையலறையில் வைக்கச் சொல்லுங்கள். அன்றாட வேலைத்திறனைக் கணிக்கும் தொழில்வழிச் சிகிச்சையாளர் ஒருவர் பக்கத்தில் நின்று, எதையும் சொல்லிக்கொடுக்காமல், காயமடைந்தவர் என்ன செய்கிறார் என்று பார்க்கட்டும். நாங்கள் அப்படிக் கேட்டு இரண்டாம் முறை நடத்தியபோது, அடுப்பை ஏற்றிவிட்டுத் தம்பி ஜன்னலோரம் போய் நின்றுவிட்டான். எண்ணெய் புகைந்தது. அதன்பிறகு மணிநேரங்கள் கூடின.

நல்ல உதவி எப்படி இருக்கும் என்பதற்குத் தேநீர் ஒன்று போதும். கெட்டிலுக்கு மேலே சுவரில் படங்கள் ஒட்டியிருக்கிறார்கள்: தண்ணீர், சுவிட்ச், கோப்பை, தேயிலைப் பை, பால். கானாவைச் சேர்ந்த ஓர் அம்மா காலை நேரத்துக்கு வருவார். தம்பி அவரை ஆன்ட்டி என்றுதான் கூப்பிடுவான். தம்பி கெட்டிலின் முன்னால் கையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பான். ஆன்ட்டி கதவோரம் கைகட்டி நிற்பார். நேரம் போகும். எனக்கென்றால் பாய்ந்துபோய் ஊற்றிக் கொடுக்கலாம் போலிருக்கும். அவர் அசையமாட்டார். கடைசியில், "அடுத்தது என்ன?" என்று மட்டும் கேட்பார். தம்பி சுவரைப் பார்ப்பான், சுவிட்சைத் தட்டுவான். முன்பு ஒவ்வொரு படத்துக்கும் கேட்க வேண்டியிருந்தது, இப்போது பெரும்பாலும் ஒருமுறை கேட்டால் போதும். பாலை மறுபடி குளிர்பெட்டியில் வைப்பது மட்டும் இன்னும் வரவில்லை.

அம்மாவுக்கு இது பிடிக்கவே இல்லை. "பிள்ளை நிற்கிறான், அந்த மனுஷி பார்த்துக்கொண்டு நிற்கிறாள். இதற்கா சம்பளம்?" என்றார். வீட்டில் இருந்தவரை புட்டைக் குழைத்து ஊட்டாத குறைதான். அதில் அன்பு இருந்தது, தம்பிக்குச் செய்வதற்கு எதுவும் இருக்கவில்லை. இன்றும் சனிக்கிழமைகளில் டப்பாக்களோடு போவார். ஆன்ட்டி அவரிடம் ஓர் உடன்பாடு செய்துகொண்டார்: சாப்பாடு கொண்டுவரலாம், சூடாக்குவதும் தட்டில் போடுவதும் தம்பியின் வேலை. அம்மா முணுமுணுத்துக்கொண்டே ஒத்துக்கொண்டார். "பெற்ற பிள்ளையைக் கொண்டுபோய் விட்டுவிட்டார்களாம்" என்று கோவிலில் பேசியவர்களுக்கும் இப்போது அம்மாவே பதில் சொல்கிறார், அதுவும் காரமாக.

குறைகளில் முதலாவது ஆள் நிலைக்காதது. பழகிய உதவியாளர் போய் ஏஜென்சி ஆள் வந்தால், பாவம் என்று அவரே தேநீர் போட்டுக் கொடுத்துவிடுவார். இரண்டு வாரம் அப்படி நடந்தால் தம்பி மறுபடி கெட்டிலை மறந்துவிடுகிறான். சம்பளம் குறைவு, வேலை கடினம், பிறகு யார்தான் நிற்பார்கள்? அழைத்தால் மட்டும் எழும்ப வேண்டிய இரவுப் பணியில் உறங்கும் நேரத்துக்குக் குறைந்தபட்சக் கூலி கணக்கில்லை என்று 2021இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்துவிட்டது. இரவில் அந்த வீட்டில் படுத்திருப்பவர்களோடு பேசிப் பார்த்தால் அவர்களின் கோபம் புரியும்.

இரண்டாவது, மணிநேரக் கணக்கு. நால்வருக்கும் பொதுவான உதவி நேரம் உண்டு, தம்பிக்கென்றே ஒருவர் இருக்கும் நேரமும் உண்டு. ஆள் குறைந்த நாட்களில் தனி நேரம் பொது நேரத்தில் கரைந்துவிடும். முந்தைய நிறுவனத்தில் இது வாடிக்கையாக இருந்தது. தம்பியை நீச்சலுக்குக் கூட்டிப்போனதாகக் குறித்திருந்த ஒரு பிற்பகலில் அவன் எங்கள் வீட்டில் உட்கார்ந்து கிரிக்கெட் பார்த்துக்கொண்டிருந்தான்! பணிப் பட்டியலையும் அன்றாடக் குறிப்புகளையும் மாதந்தோறும் கேட்டு வாங்குங்கள். முகம் சுளிப்பார்கள். சுளிக்கட்டும்.

பணவிஷயம் சிக்கலானது என்றாலும் சாதகமானது. வேலை செய்யும் வயதில் புதிதாக விண்ணப்பிக்கும் பெரும்பாலோருக்கு வாடகை உதவி யுனிவர்சல் கிரெடிட் என்ற பொது அரசு உதவித்தொகையோடு போய்விட்டது. இந்த வகை வீடுகளுக்கு இன்னும் ஹவுசிங் பெனிஃபிட் என்ற பழைய வாடகை உதவி தனியாக வருகிறது. சேமிப்பு 16,000 பவுண்டைத் தாண்டினால் அது கிடைக்காது. பராமரிப்புக் கட்டணத்துக்கு வேறு வரம்பு: சேமிப்பு 23,250 பவுண்டுக்கு மேலிருந்தால் முழுவதும் நம் செலவு. விபத்து நஷ்டஈடு வரப்போகிறதென்றால், அது கைக்கு வருமுன் அதற்கென ஓர் அறக்கட்டளை அமைப்பது பற்றி வழக்கறிஞரிடம் பேசுங்கள்; அதில் இருக்கும் தொகையைப் பொதுவாகச் சேமிப்பாகக் கணக்கிடுவதில்லை. கேர் ஹோமில் கவுன்சில் செலவில் இருப்பவருக்கு 28 நாளுக்குப் பிறகு உடல்நலக் குறைபாடு உள்ளவர்களுக்கான பிஐபி உதவித்தொகையின் அன்றாட வாழ்க்கைப் பகுதி நின்றுவிடும். இங்கே அது தொடர்கிறது.

வேலைக்குப் போவதுதான் பொறி. இத்தகைய வீடுகளில் வாடகை சாதாரண வாடகையைவிட மிக அதிகம். சம்பளம் வரத் தொடங்கினால், கணக்கில் சேர்க்காமல் விடும் தொகைக்கு மேற்பட்ட ஒவ்வொரு பவுண்டுக்கும் 65 பென்ஸ் ஹவுசிங் பெனிஃபிட்டில் கழியும். தம்பி ஒரு தொண்டு நிறுவனம் நடத்தும் கடையில் துணிகளைப் பிரித்து அடுக்குகிறான், சம்பளமில்லாமல். அவனுக்குச் சம்பளம் வேண்டும். கேட்டுக்கொண்டே இருக்கிறான். நியாயமான ஆசைதான், கணக்குதான் இடிக்கிறது.

ஹெட்வே என்ற தொண்டு நிறுவனம் 1979 முதல் மூளைக்காயத்துக்கென்றே இயங்குகிறது. மூளைக்காயம் உள்ளவர் என்று காட்ட அவர்கள் தரும் அடையாள அட்டையைக் கட்டாயம் வாங்கிவையுங்கள். தம்பி களைத்தால் நடை தள்ளாடும், பேச்சு குழறும். குடித்திருக்கிறான் என்று பஸ்ஸில் ஏற்றாமல் விட்டிருக்கிறார்கள்.

யாருக்குப் பொருந்தும்? காயத்தின் முதல் மாதங்களில் இருப்பவர்களுக்குப் பொருந்தாது; அவர்களுக்குப் புனர்வாழ்வுப் பிரிவு வேண்டும். நாள் முழுவதும் தாதியர் கவனிப்பு தேவைப்படுகிறவர்களுக்கும் இந்த மாதிரி வீடு போதாது. உடல் ஓரளவு தேறி, பக்கத்தில் ஒருவர் நின்று தூண்டினால் செய்யக்கூடியவர்களுக்கு இதைவிட நல்ல வழியை நான் பார்க்கவில்லை. பார்க்கப் போகும்போது சுவரின் சாயத்தை விட்டுவிட்டு, மூளைக்காயத்தில் பயிற்சி பெற்ற உதவியாளர்கள் எத்தனை பேர் என்று கேளுங்கள். பிறவியிலேயே கற்றல் குறைபாடு உள்ளவர்களோடு பழகிய அனுபவம் மட்டும் போதாது. மற்றக் குடியிருப்பாளர்களையும் சந்தியுங்கள். தம்பியின் மேல்வீட்டுக்காரர் இரவில் கத்துவார், தம்பிக்கோ சத்தம் என்றால் தலைவலியும் கோபமும் வரும். இந்தப் பொருத்தத்தை யாரும் முன்கூட்டிப் பார்க்கவில்லை. கடைசியில் படுக்கையறையை மாற்றித்தான் சமாளித்தோம்.

அடுத்த மாதம் ஆண்டு மறுமதிப்பீடு. தம்பி நன்றாகத் தேறிவிட்டதால் காலை நேர உதவியைக் குறைக்கலாம் என்று கவுன்சிலிலிருந்து கடிதம் வந்திருக்கிறது. ஆன்ட்டி விடுப்பில் இருந்த வாரங்களின் குறிப்புகளைப் பிரதி எடுத்து வைத்திருக்கிறேன்: காலைச் சாப்பாடு இல்லை, மாத்திரை இல்லை, பகல் பன்னிரண்டுக்கும் படுக்கையில். கூட்டத்தைச் சமையலறையில் வைக்கும்படி எழுதிக் கேட்டிருக்கிறேன்.