அடுப்பு பற்றவைக்காத மதியச் சாப்பாடு: பிரெட்டா, சாலட்டா, ஓட்ஸா, கடலையா?

காலை எட்டு மணிக்கு டப்பாவில் போடும்போது எல்லாச் சாப்பாடும் நன்றாகத்தான் இருக்கும். ஒரு மணிக்கு மூடியைத் திறக்கும்போது எது நன்றாக இருக்கிறது என்பதுதான் பேச்சு. வேலை நெரிக்கும் நாட்களில் அடுப்புப் பக்கமே போகாமல் கட்டிக்கொண்டு போக என்னென்னவோ செய்து பார்த்துவிட்டேன். சுற்றிச் சுற்றி நான்கில்தான் வந்து நிற்கிறது: பிரெட்டுக்கு நடுவே எதையாவது வைப்பது, பச்சைக் காய்கறி சாலட், ராத்திரியே ஊறவைத்த ஓட்ஸ், டின்னில் வெந்தே வரும் கொண்டைக்கடலை. ருசி அவரவர் நாக்கு. பைக்குள் கிடக்கும் அந்த ஐந்து மணி நேரம் இவற்றை என்ன செய்கிறது என்பதை வைத்துத்தான் இங்கே எடை போடுகிறேன்.

வேகத்தில் பிரெட்டை அடித்துக்கொள்ள ஆளில்லை. மூன்று நிமிடத்தில் வேலை முடிந்துவிடும், ஒரு கையில் பிடித்துச் சாப்பிடலாம், ஸ்பூன் தேவையில்லை. அதன் எதிரி தண்ணீர். வெள்ளரிக்காயிலும் தக்காளியிலும் நூற்றுக்குத் தொண்ணூற்று நாலைந்து பங்கு தண்ணீர்தான். அதன்மேல் உப்பைத் தூவினால் உள்ளே இருப்பதெல்லாம் கசிந்து வெளியே வரும். ஒரு நாள் அப்படித்தான் தக்காளி வில்லைகளுக்கு உப்பும் மிளகும் போட்டு அழகாக அடுக்கிக் கொண்டுபோனேன். மதியம் பிரித்தால் கீழ்த்துண்டு பிரெட்டாக இல்லை, காகிதத்தோடு ஒட்டிய கூழாக இருந்தது. மேல்துண்டை மட்டும் தின்றுவிட்டு எழுந்தேன்.

இதற்கு வழி உண்டு. இரண்டு துண்டுகளிலும் ஓரம்வரை வெண்ணெயோ பீநட் பட்டரோ தடவிவிட்டால் ஈரம் சட்டென்று உள்ளே இறங்காது. உப்பைச் சாப்பிடும்போது போட்டுக்கொள்ளலாம். தக்காளியைத் தனிச் சின்ன டப்பாவில் கொண்டுபோய்க் கடைசியில் செருகினால் இன்னும் நல்லது. அப்புறம், பிரெட்டை ஃப்ரிட்ஜில் வைக்கிறவர்கள் கவனிக்க: அந்தக் குளிரில்தான் பிரெட் சீக்கிரம் வறண்டு கெட்டியாகிறது. மாவுச்சத்து மறுபடி இறுகிக்கொள்வதுதான் காரணம். ஃப்ரீசரில் வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. உறைந்த துண்டிலேயே பீநட் பட்டரைத் தடவிக் கட்டினால் மதியத்துக்குள் அது தானாகவே மெத்தென்று ஆகிவிடும்.

சாலட் பார்வைக்கு முதல் பரிசு வாங்கும். வயிற்றுக்கு அது போதாது. நூறு கிராம் வெள்ளரிக்காயில் சுமார் 15 கலோரிதான். வெறும் இலையும் காயுமாக ஒரு டப்பா நிறையத் தின்றாலும் மூன்று மணிக்குக் கை தானாக பிஸ்கட் பாக்கெட்டைத் தேடும். கண்ணாடி ஜாடியில் அடியில் எலுமிச்சைச் சாறும் எண்ணெயும், அதன்மேல் கெட்டிக் காய்கள், உச்சியில் இலைகள் என்று அடுக்கும் முறை நல்ல யோசனைதான். ஜாடி கடைசிவரை நிமிர்ந்தே நிற்க வேண்டும். என் பைக்குள் எதுவும் நிமிர்ந்து நின்றதாகச் சரித்திரம் இல்லை.

சாலட்டில் வயிறு நிரம்ப முளைவிட்ட பயறு போடலாமே என்பார்கள். அங்கேதான் எனக்குத் தயக்கம். விதை முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் அதே அளவு பிடிக்கும். 2011-ல் ஜெர்மனியில் வெந்தய முளைகள் வழியாகப் பரவிய ஈ.கோலை கிருமியால் மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் நோயில் விழுந்தார்கள், ஐம்பதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். வேகவைத்தால் கவலையில்லை, ஆனால் நாம் பேசுவதே வேகவைக்காத சாப்பாட்டைப் பற்றி. கர்ப்பிணிகள், குழந்தைகள், முதியவர்கள் பச்சை முளைகளைத் தவிர்ப்பதே நல்லது.

ஓட்ஸை அடுப்பில்லாமல் சாப்பிட முடிவதற்குக் காரணம், தட்டையாக்கும் முன்பே அதை ஆலையில் ஆவியில் வேகவைத்துவிடுகிறார்கள். பாலிலோ தயிரிலோ ராத்திரி ஊறப்போட்டால் காலையில் டப்பாவை எடுத்துப் பையில் போடுவது மட்டும்தான் வேலை. இந்த ஒரு விஷயத்தில் அது பிரெட்டையும் தோற்கடிக்கிறது. ஆனால் பழமும் தேனும் கலந்த குழைவான ஒன்றை மதியம் சாப்பிட்டால், காலைப் பலகாரத்தைத் தாமதமாகச் சாப்பிட்ட மாதிரிதான் இருக்கிறது. சரி, உப்பும் மிளகும் போட்டுப் பார்ப்போமே என்று ஒரு முறை செய்தேன். இரண்டாம் முறை செய்யவில்லை.

கடைசியாக, என் கட்சி: டின் கொண்டைக்கடலை. மற்ற மூன்றும் நேரம் போகப்போக இறங்கும், இது ஏறும். டின்னைத் திறந்து வடிகட்டி, குழாய்த் தண்ணீரில் நன்றாக அலச வேண்டும். நுரை அடங்கும்வரை அலசினால் உப்பிலும் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் போய்விடும். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி முதலில் எலுமிச்சைச் சாற்றில் போட்டுவிடுங்கள். கடலையை அலசி முடிக்கும் நேரத்துக்குள் அதன் காரம் தணிந்து ஓரங்கள் லேசாகச் சிவக்கும். அதில் எண்ணெய், மிளகுத்தூள், கொஞ்சம் உப்பு, கடலை. டப்பாவை மூடி நான்கு குலுக்கு. ஐந்து மணி நேரத்தில் புளிப்பு கடலைக்குள் இறங்கியிருக்கும், செய்த உடனே தின்பதைவிட மதியம் ருசி கூடும். அரை கப் கடலையில் சுமார் 7 கிராம் புரதம், அதோடு நார்ச்சத்தும் தாராளம். இரண்டு மேசைக்கரண்டி பீநட் பட்டரிலும் கிட்டத்தட்ட அதே அளவு புரதம்தான், ஆனால் கடலையின் கனம் வயிற்றில் வேறு. மிச்சத்தை டின்னிலேயே விடாமல் வேறு டப்பாவுக்கு மாற்றி ஃப்ரிட்ஜில் வைத்தால் மூன்று நாள் தாங்கும்.

டின் திறப்பான் தொலைந்துபோகிறதே என்று சலித்துக்கொள்கிறவர்களுக்கு ஒரு ஆறுதல்: இங்கிலாந்தில் தகர டப்பாவுக்கு 1810-லேயே காப்புரிமை வாங்கிவிட்டார்கள், அதைத் திறக்கும் கருவி வந்ததோ 1850-களில். இடையில் உளியும் சுத்தியலும்தான்.

ஒரு எச்சரிக்கை. டின்னில் இருப்பது ஏற்கெனவே வெந்தது. அதைப் பார்த்துக் காய்ந்த ராஜ்மாவை வெறுமனே ஊறவைத்துச் சாலட்டில் போட்டுவிடாதீர்கள். கொதிக்கவைக்காத ராஜ்மாவில் உள்ள லெக்டின் நச்சு, நாலைந்து பருப்பு உள்ளே போனாலே கடும் வாந்தியைக் கிளப்பிவிடும்.

கடலையை இவ்வளவு புகழ்ந்தாலும் ஒரு இடத்தில் அது பிரெட்டிடம் தோற்கிறது. 5 டிகிரி செல்சியஸுக்கும் 60 டிகிரிக்கும் இடையில் கிருமிகள் வேகமாகப் பெருகும். கெடக்கூடிய சாப்பாட்டை அந்தச் சூட்டில் இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது, வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் ஒரு மணி நேரம்தான். டின்னிலிருந்து எடுத்த கடலை, பாலில் ஊறிய ஓட்ஸ், நறுக்கிய காய் எல்லாமே இந்தக் கணக்கில் வரும். எலுமிச்சை பிழிந்திருக்கிறோமே என்று நம்பிவிட முடியாது. பீநட் பட்டர் தடவிய பிரெட்டுக்கும் நறுக்காத பழத்துக்கும் மட்டும்தான் இந்தப் பயம் இல்லை. போகிற இடத்தில் ஃப்ரிட்ஜ் இருந்தால் பிரச்சினை தீர்ந்தது. இல்லையென்றால் நான் செய்வது, சின்னத் தண்ணீர் பாட்டிலை முக்கால்வாசி நிரப்பி ராத்திரியே உறையவைத்து, காலையில் டப்பாவோடு சேர்த்துக் குளிர் தாங்கும் பையில் வைப்பது. மதியம் பாட்டிலில் இன்னும் ஐஸ் மிதந்தால் கடலைக்கு ஆபத்தில்லை, எனக்கும் குளிர்ந்த தண்ணீர் கிடைக்கும். பாட்டிலை உறையவைக்க மறந்த நாளில் பேசாமல் பீநட் பட்டர் பிரெட், ஒரு ஆப்பிள்.

ஸ்பூன் ஒன்று நிரந்தரமாகப் பையிலேயே கிடக்கட்டும். அது இல்லாமல், டப்பா மூடியாலேயே கடலையை அள்ளி அள்ளித் தின்ற நாள் ஒன்று எனக்கு உண்டு. எதிரில் உட்கார்ந்திருந்தவர் நல்லவர், சாப்பிட்டு முடிக்கும்வரை ஜன்னல் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தார்.