சுருதிப் பொட்டி: கூடி உக்காந்து பாடுறவங்களுக்கு ஒரு வருஷ அனுபவம்

பாடும்போது பின்னாடி ஆதார ஸ்வரத்த நிக்காம ஒலிச்சுட்டே இருக்கற எலக்ட்ரானிக் சுருதிப் பொட்டி வாங்கலாமான்னு தேடினா கெடைக்கற ரிவ்யூ எல்லாமே தனியா சாதகம் பண்றவங்க எழுதினது, இல்லன்னா கச்சேரி பண்றவங்க எழுதினது. நாங்க ரெண்டும் இல்ல. அக்கம்பக்கத்துல இருக்கற பத்துப் பதினஞ்சு பேரு, வாரத்துல ஒரு சாயங்காலம் யாராவது ஒருத்தர் வீட்டு ஹால்ல கூடி உக்காந்து பாடுறோம், அவ்ளோதான். முறையா பாட்டு கத்துக்கிட்டவங்க ரெண்டு பேரு, மத்தவங்க எல்லாம் சமையல்கட்டுலயும் பாத்ரூம்லயும் பாடினவங்க. அந்த மாதிரி ஒரு கூட்டத்துக்கு இந்தப் பொட்டி என்ன பண்ணுச்சுன்னு சொல்றதுக்குதான் இது. கம்பெனி பேரு சொல்லல, ஏன்னா கட்டை (பாடற சுருதியோட உசரம்) மாத்தற திருகு, அத நூலளவு ஏத்தி எறக்கற ஃபைன் ட்யூன் திருகு, ப-வுக்கு பதிலா ம ஒலிக்க வெக்கற ப-ம ஸ்விட்ச், வால்யூம், இந்த நாலும் இருந்தா எந்தப் பொட்டியும் எங்க வேலைக்குப் போதும்.

பொட்டி வர்றதுக்கு முன்னாடி எப்படின்னா, யாரு மொதல்ல வாயத் திறக்கறாங்களோ அவங்க சுருதிதான் எல்லாருக்கும். ஒரு அக்கா கணீர்னு அஞ்சு கட்டைல எடுப்பாங்க, பல்லவி வரைக்கும் எல்லாரும் வருவோம், சரணம் மேல ஏறினதும் ஆம்பளைங்க ஒவ்வொருத்தரா நின்னுருவாங்க. அடுத்த பாட்டு ஒரு மாமா ஒரு கட்டைல ஆரம்பிப்பார், இப்ப பொம்பளைங்களுக்கு கீழ எட்டாது, முணுமுணுன்னு கேக்கும். பாட வராதுன்னு நெனச்சுட்டு மூணு பேரு வர்றதையே நிறுத்திட்டாங்க. அவங்களுக்கு பாட்டு வராம இல்ல, எடுத்த கட்டைதான் பொருந்தல. இத புரிஞ்சுக்கவே எங்களுக்கு ரொம்ப நாள் ஆச்சு.

பொட்டி வந்தப்புறம் கத்துக்கிட்ட அக்கா ஒருத்தங்க பொறுமையா உக்காந்து கணக்கு போட்டாங்க. ஒரு கட்டைன்னா கீபோர்டுல சி, சுமார் 131 ஹெர்ட்ஸ், அதாவது செகண்டுக்கு அத்தன அதிர்வு. அஞ்சு கட்டைன்னா ஜி, 196. ஆம்பளைக் குரலுக்கு பொதுவா ஒண்ணு ஒத்துவரும், பொம்பளைக் குரலுக்கு அஞ்சு. ரெண்டுக்கும் நடுவுல மூணு கட்டை இருக்கு, ஈ, சுமார் 165. கீபோர்டுல கறுப்பையும் சேத்து எண்ணினா ஆம்பளைங்க நாலு அரைப்படி ஏறி வரணும், பொம்பளைங்க மூணு அரைப்படி எறங்கி வரணும், ரெண்டு பக்கமும் கொஞ்சம் கொஞ்சம் விட்டுக்கொடுத்தா ஒரே எடத்துல சேந்து நிக்கலாம். அன்னைக்கு திருகை மூணுக்கு வெச்சுட்டு ஒரு பாட்டு எடுத்தோம் பாருங்க, சரணத்துல ஒருத்தர் கூட விழல. பாட்டு முடிஞ்சதும் யாரும் பேசல, பொட்டி மட்டும் ரீங்காரம் போட்டுட்டே இருந்துச்சு, அப்புறம் அந்த மாமா 'இன்னொரு தரம் எடும்மா'ன்னார். அந்த ஒரு சாயங்காலத்துக்கே பொட்டிக்கு குடுத்த காசு சரியாப் போச்சுன்னு சொல்லுவேன்.

ஒண்ணு ஞாபகம் வெச்சுக்கங்க, ஒன்றரை ஸ்தாயிக்கு மேல (ஒரு ஸ்தாயின்னா ஸ-லேர்ந்து மேல் ஸ வரைக்கும்) ஓடற பெரிய பாட்டுக்கு இந்த நடுக்கட்டை வழி செல்லாது, யாராவது ஒரு பக்கம் மாட்டிப்பாங்க. அதெல்லாம் தனியா பாடறவங்களுக்கு விட்டுட்டோம். கூட்டமா பாட மேலயும் கீழயும் அதிகம் போகாத மெட்டுதான் லாயக்கு.

இங்கதான் அந்த ப-ம ஸ்விட்ச் உதவும். நிறைய பேரு அத தொடறதே இல்ல. பஞ்சமத்துக்கு (ப) பதிலா மத்தியமத்துல (ம) போட்டுட்டு அந்த மத்தியமத்தையே ஸட்ஜமா (ஸ) வெச்சுக்கிட்டுப் பாடறதுதான் மத்தியம சுருதி. புன்னாகவராளி, நாதநாமக்கிரியை, குறிஞ்சி, நவரோஜ் மாதிரி மேல் ஸட்ஜம் வரைக்கும் போகாத ராகத்த எல்லாம் அப்படித்தான் பாடுவாங்க. பழைய தாலாட்டு மெட்டு நிறைய இந்த வகைல வரும். எங்க கூட்டத்துல ஒரு பாட்டி, மாசக்கணக்கா தாளம் மட்டும் போட்டுட்டு உக்காந்திருந்தவங்க, ஸ்விட்ச்ச ம-ல போட்ட அன்னைக்கு கண்ண மூடிட்டு அவங்க அம்மா பாடின தாலாட்ட முழுசா பாடினாங்க. எங்க யாருக்கும் அந்தப் பாட்டு தெரியாது. ரெண்டாவது தரம் பாடும்போது ஒரு பையன் வரிய நோட்டுல எழுதிக்கிட்டான், அடுத்த வாரம் பெரிய சார்ட் பேப்பர்ல அந்த வரியோட ஓரமா தொட்டிலும் கிளியும் வரைஞ்சு எடுத்துட்டு வந்தான். இப்ப எங்ககிட்ட அந்த மாதிரி பதினோரு சார்ட் இருக்கு, பாடற அன்னைக்கு செவுத்துல மாட்டுவோம், கத்துக்க வர்றவங்க புஸ்தகம் தேட வேணாம், நிமிந்து பாத்தா போதும்.

ஃபைன் ட்யூன் பத்தி சொல்லணும். ஒருத்தர் புல்லாங்குழல் கொண்டுவருவார். குழல் ஊத ஊத மூச்சு சூட்டுல உள்ள காத்து சூடாகி சுருதி கொஞ்சம் ஏறும், அப்ப பொட்டியோட சேராம ஊஞ்சல் ஆடற மாதிரி ஒரு சத்தம் வரும். 165ம் 167ம் சேந்து ஒலிச்சா செகண்டுக்கு ரெண்டு அலை. பிள்ளைங்க பொட்டி பக்கத்துல காத வெச்சு அந்த அலைய எண்ணும், நான் திருகை மெதுவா திருப்புவேன், அலை நீண்டுட்டே போய் ஒரு எடத்துல நின்னுரும், 'நின்னுருச்சு'ன்னு எல்லாம் ஒரே நேரத்துல கத்தும். சுருதி சேர்றதுன்னா என்னன்னு பத்து வார்த்தைல சொல்லி புரிய வைக்க முடியாதது அதுல புரிஞ்சுருது.

ஃபோன் ஆப் போதாதான்னு கேப்பீங்க. தனியா பாட தாராளமா போதும். கூட்டத்துக்கு சரிப்படல, நடுவுல கால் வரும், ஸ்பீக்கர் சின்னது, எல்லாத்துக்கும் மேல ஃபோன் யாரோ ஒருத்தரோடது, பொட்டி நடுவுல வெச்சா அது எல்லாரோடதும்.

குறை ரெண்டு. பதினஞ்சு பேரு தொண்டையத் திறந்தா பொட்டி சத்தம் அமுங்கிடும், பின்னாடி உக்காந்தவங்களுக்கு கேக்காது. பாய் மேல, சோபா மேல வெக்காதீங்க, துணியும் பஞ்சும் சத்தத்த உறிஞ்சிடும், மர ஸ்டூல் மேல வெச்சு வட்டத்துக்கு நடுவுல போடுங்க, நல்ல வித்தியாசம் தெரியும். ரெண்டாவது குறை, அடாப்டர். கூட வந்ததுல ஒரு உறுமல் இருந்துச்சு. 50 ஹெர்ட்ஸ் கரண்ட் இருக்கற எடத்துல அந்த உறுமல் பெரும்பாலும் 100ல வரும், அது ஒரு ஸ்தாயி கீழ இருக்கற ஜி-க்கும் அதுக்கு அடுத்த அரைப்படிக்கும் நடுவுல நிக்கற சத்தம், அதனால அஞ்சு கட்டை போட்டா காதுக்கு ரொம்ப உறுத்தும். வித்தவங்ககிட்ட மூணு தரம் சொல்லியும் மாத்தித் தரல, அதுல எனக்கு நெஜமாவே வருத்தம். கடைசில பேட்டரிக்கு மாறிட்டோம், உறுமல் சுத்தமா போயிருச்சு. வாங்கறப்போ பேட்டரி போட எடம் இருக்கான்னு பாத்து வாங்குங்க.

கூடிப் பாடறது மனுஷங்கள என்ன பண்ணுதுன்னு ஆராய்ச்சியே இருக்கு. இங்கிலாந்துல பாட்டு கிளாஸ், கைவேலை கிளாஸ், எழுத்து கிளாஸ் மூணுலயும் சேந்தவங்கள ஏழு மாசம் கவனிச்சு 2015ல வெளியிட்டாங்க. கடைசில மூணு கூட்டமும் ஒரே அளவு நெருக்கமாத்தான் இருந்துச்சு, ஆனா பாடினவங்க ஆரம்பத்துலயே சட்டுனு ஒட்டிக்கிட்டாங்க. ஸ்வீடன்ல 2013ல வந்த இன்னொண்ணுல, சேந்து பாடும்போது எல்லாரும் ஒரே எடத்துல மூச்சு விடறதால இதயத் துடிப்பு ஏர்றதும் எறங்கறதும் கூட ஒண்ணா போகுதுன்னு பாத்திருக்காங்க. மூணு கட்டைல அன்னைக்கு பாட்டு முடிஞ்சதும் ஹால்ல இருந்த அந்த அமைதிய நெனச்சா எனக்கு இது ஆச்சரியமா இல்ல.

நின்னு போன மூணு பேருல ரெண்டு பேரு திரும்ப வந்துட்டாங்க. மூணாவது ஆள இந்த வாரம் நேர்ல போய் கூப்பிடப் போறோம். இந்த வாரம் ரெண்டரை கட்டைதான், அக்காவுக்கு தொண்டை கட்டிருக்கு.