பம்பலப்பிட்டியில் நடந்த முதலீடு திரட்டும் வகுப்பு: யார் போகலாம்?

கட்டடத் திட்டங்களுக்கு மற்றவர்களிடம் முதலீடு திரட்டுவது எப்படி என்று சொல்லித்தரும் ஒருநாள் வகுப்பு இது. கட்டணம் 25,000 ரூபாய். காலி வீதி ஹோட்டல் மண்டபத்தில் ஞாயிறு காலை தொடங்கி மாலை வரை. நான் தெஹிவளையில் சின்னத் தொடர்மாடிகள் கட்டி விற்கிறவன். எங்கள் ஆட்களில் பாதிப்பேருக்கு வெளிநாட்டுச் சொந்தத்தின் பணம்தான் முதல். அதனால் இந்த வகுப்பு நல்லதா என்று கேட்கிறவர்களுக்காக எழுதுகிறேன்.

வகுப்பு எடுத்தவர் அமெரிக்காவில் குடியிருப்புக் கட்டடங்கள் வாங்கி நடத்துபவர். அந்தப் பகுதியைத் தெளிவாகச் சொன்னார். அங்கே 'அக்ரெடிட்டட் இன்வெஸ்டர்' (தகுதியுள்ள முதலீட்டாளர்) என்றால் சும்மா பணக்காரர் என்று அர்த்தமில்லை. கடந்த இரண்டு ஆண்டும் தனி வருமானம் 2 லட்சம் டொலருக்கு மேல், அல்லது துணையோடு சேர்த்து 3 லட்சத்துக்கு மேல், இந்த ஆண்டும் அப்படியே வரும் என்ற எதிர்பார்ப்பு; இல்லாவிட்டால் குடியிருக்கும் வீட்டைக் கணக்கில் சேர்க்காமல் 10 லட்சம் டொலருக்கு மேல் சொத்து. தனிப்பட்ட முறையில் முதலீடு திரட்ட அங்கே உள்ள 506 பி விதியில் போனால் விளம்பரம் செய்யக்கூடாது. 506 சி என்றால் விளம்பரம் செய்யலாம், ஆனால் பணம் போடுகிற அத்தனை பேரும் தகுதியுள்ளவர்கள் என்று சரிபார்க்க வேண்டும். முதல் முதலீடு வந்து 15 நாளுக்குள் ஃபோம் டி என்ற அறிவிப்புப் படிவத்தை அரசுக்குக் கொடுக்க வேண்டும். ஆள் பிடித்துத் தருகிறவருக்கு உரிமம் இல்லாமல் கமிஷன் கொடுப்பது வம்பு என்றதை அழுத்திச் சொன்னார். நம் ஊரில் அதுதான் வழக்கம் என்பதால் மண்டபமே அமைதியாகிவிட்டது.

முன்வரிசையில் இருந்த ஒரு அக்கா, "லாபத்தைப் பிரிக்கும்போது யாருக்கு முதல்?" என்று கேட்டார். உடனே வகுப்பு எடுத்தவர் பலகையில் கணக்குப் போட்டார். முதலீட்டாளர்கள் போட்டது 10 லட்சம் டொலர், ஓராண்டு, லாபம் 2 லட்சம். முதலில் அவர்களுக்குப் போட்ட பணத்தில் 8 சதவீதம், அதாவது 80,000. மிச்சம் 1,20,000. அதில் 70 சதவீதம் அவர்களுக்கு, 30 சதவீதம் திட்டத்தை நடத்துபவருக்கு. ஆக நடத்துபவர் கையில் 36,000. லாபம் 80,000ஐத் தாண்டாவிட்டால் அவருக்குப் பங்கே இல்லை. "அப்ப எங்கட காசை முன்னுக்கு வச்சிருக்கினம்" என்றார் அக்கா. எனக்கு அந்த ஒரு பலகைக்கே கட்டணம் சரி.

மதியத்துக்குப் பிறகுதான் ஏமாற்றம். கொழும்பில் இதை எப்படிச் செய்வது என்று கேட்டால், "இங்க ஒரு லோயரைப் பாருங்கோ" என்பதோடு முடிந்தது. கையில் தந்த மாதிரிப் பத்திரங்கள் எல்லாம் அமெரிக்காவுக்கு. அதை அப்படியே எடுத்து வந்து இங்கே பயன்படுத்தினால் ஆபத்து. மாத வட்டி தருகிறேன் என்று பலரிடம் பணம் வாங்கினால் அது வைப்பு ஏற்பதாகிவிடும். 2011ஆம் ஆண்டின் 42ஆம் இலக்க நிதித்தொழில் சட்டப்படி அனுமதிப்பத்திரம் இல்லாமல் அதைச் செய்ய முடியாது. பொதுமக்களிடம் பணம் வாங்கிய கோல்டன் கீ நிறுவனம் 2008இல் விழுந்ததில் அழிந்த குடும்பங்களைக் கண்டவர்களுக்கு இது புரியும். தனியார் கம்பனி என்று போனால் 50 பங்குதாரர் வரைதான், பங்கைப் பொதுமக்களுக்கு விற்கக்கூடாது. வெளிநாட்டவர் பங்கு 50 சதவீதத்தைத் தொட்டுவிட்டால், 2014ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தக் கம்பனி பேருக்குப் பொதுவாகக் காணி உறுதி எழுத முடியாது. கனடா மச்சான் இரட்டைக் குடியுரிமை எடுத்திருக்கிறாரா என்று முதலிலேயே கேளுங்கள்; எடுத்திருந்தால் அவர் வெளிநாட்டவர் இல்லை, கணக்கே மாறிவிடும்.

அமெரிக்காவில் சொத்து வாங்கும் திட்டத்தில் சேர உறவுகள் கூப்பிட்டால், கட்டாயம் போங்கள். என்ன கேள்வி கேட்பது என்று தெரிந்து வருவீர்கள். வெள்ளவத்தையில் கட்ட வேண்டும் என்றால், காலைப் பகுதிக்குப் போய்விட்டு அடுத்த நாளே நீதிமன்றங்கள் உள்ள புதுக்கடையில் காணியும் கம்பனிச் சட்டமும் தெரிந்த சட்டத்தரணி ஒருவரைப் பாருங்கள். ஏற்பாட்டாளர்கள் அடுத்த முறை அப்படி ஒருவரை ஒரு மணி நேரமாவது மேடையில் ஏற்றினால், நான் மறுபடியும் காசு கட்டிப் போவேன்.