உயரம் மாற்றக்கூடிய இரும்புப் படிக்கட்டு: ஏழு வருட அனுபவம்

பாகம் பாகமாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொள்ளும் இரும்புப் படிக்கட்டு ஒன்று கோவையில் எங்கள் வீட்டு ஹால் மூலையில் 2018 முதல் நிற்கிறது. கான்கிரீட் போடும்போதே அந்த மூலையில் திறப்பு விட்டிருந்தோம். ஆனால் திரும்பி ஏறும் கான்கிரீட் படிக்கு இடம் கொடுத்தால் ஹாலில் பாதி போய்விடும். அதனால்தான் இது.

பார்க்கிறவர்கள் எல்லாரும் கேட்பது, "நாமே பூட்டிடலாமா?" தாராளமாக. இரண்டு பேர், ஒரு 18-19 ஸ்பேனர், ஆலன் கீ, ரசமட்டம், டிரில்லிங் மெஷின் இருந்தால் சனி ஞாயிறில் வேலை முடிந்துவிடும். பூட்டியது தளராமல் நிற்பதற்குத்தான் வருடக்கணக்காக வேலை இருக்கிறது. நான் எழுத வந்தது பெரும்பாலும் அதைப் பற்றி.

முதலில் அமைப்பு. இரண்டு பக்கமும் தாங்கும் சட்டம் கிடையாது. நடுவில் ஒரே முதுகெலும்பு. படிக்கு ஒரு இரும்புத் துண்டு. ஒன்றின் குழாய் அடுத்ததன் வாய்க்குள், டிபன் கேரியர் அடுக்கு மாதிரி, உட்காரும். இடையில் 3 மி.மீ. எஃகு வளையங்கள். எத்தனை வளையம் போடுகிறோமோ அந்த அளவுக்குப் படி உயரும். பக்கவாட்டில் இரண்டு எம்12 (12 மி.மீ. விட்டமுள்ள) போல்ட் குழாயை இறுக்கிப் பிடிக்கும். துண்டுகளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பினால் படிக்கட்டே வளைந்து போகும். மேலே 40 மி.மீ. ரப்பர் மரப் பலகை. நடுவில் ஒரு தாங்கு கால், அடியில் நான்கு ஆங்கர் போல்ட், மேல்முனைத் தகடு கான்கிரீட் பீமில். செங்கல் சுவரில் அந்தத் தகட்டை அடிக்கலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

தரைக்குத் தரை எங்கள் உயரம் 2,790 மி.மீ. தேசியக் கட்டட விதித்தொகுப்பின்படி வீட்டுக்குள் படியின் உயரம் 190 மி.மீ.க்கு மேல் போகக்கூடாது, மிதி அகலம் 250க்குக் குறையக்கூடாது. பதினைந்தாகப் பிரித்தால் 186, மிதி அகலம் 260. பதினேழாம் நூற்றாண்டில் பிரான்சின் கட்டடக் கலைஞர் பிளான்டெல் தொடங்கிவைத்த கணக்கு ஒன்று உண்டு: உயரத்தின் இரண்டு மடங்கோடு அகலத்தைக் கூட்டினால் ஒரு காலடி தூரம் வரவேண்டும். இன்று அதை 60 முதல் 64 செ.மீ. என்று வைத்துக்கொள்கிறார்கள். எங்களுக்கு 63.2. மேஸ்திரி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, லாபம், நஷ்டம் என்று விரல் விட்டு எண்ணி, "பதினஞ்சுங்களா? லாபத்துல முடியுதுங்க, போட்ருங்க" என்றார். பதினான்காக்கினால் 199 மி.மீ. வந்து விதியும் இடிக்கும், வீட்டுப் பெரியவர்களும் இடிப்பார்கள்.

உயரம் மாற்றும் வசதிக்கு உண்மையான வேலை வந்தது 2021இல். மாடியில் சிமென்ட் தரைமேலேயே டைல்ஸ் ஒட்டினோம். கலவையோடு சேர்த்து 45 மி.மீ. ஏறிவிட்டது. கான்கிரீட் படியாக இருந்திருந்தால் கடைசிப் படி மட்டும் 231 ஆகியிருக்கும். கால் 186க்குப் பழகிவிட்ட பிறகு அந்த ஒரு படியில்தான் தட்டி விழுவோம். இதில் இணைப்புக்கு ஒரு வளையம் சேர்த்தோம். படி 189 ஆனது. விதிக்குள்ளேயே இருக்கிறது, ஏறும்போது வித்தியாசமே தெரியவில்லை. மேல்முனைத் தகட்டுக்கு மட்டும் பீமில் புதிய துளைகள் போட வேண்டியிருந்தது.

வளையம் கிடைப்பதுதான் பாடாகிவிட்டது. விற்ற நிறுவனம் அந்த மாடலையே நிறுத்திவிட்டிருந்தது. கோவையின் கணபதி பகுதியில் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். "இதுக்கு எதுக்குங்ணா கம்பெனிகாரன்? கனமான பைப்புல வெட்டி ரெண்டு பக்கமும் ஃபேசிங் அடிச்சுக் குடுத்தர்றனுங்" என்றார். வளையத்தின் இரண்டு முகத்தையும் சமமாகக் கடைந்து எடுக்கும் அந்த ஃபேசிங்தான் உயிர். வளையத்தின் ஒரு பக்கம் முடியளவு கனம் கூடினாலும், பதினைந்து இணைப்பில் அது சேர்ந்து சேர்ந்து முதுகெலும்பையே சாய்த்துவிடும்.

இந்த வடிவமைப்பில் எனக்குள்ள பெரிய குறை கைப்பிடி. படிக்கு உயரம் மாற்ற வழி வைத்தவர்கள், கைப்பிடிக் கட்டையில் அதைத் தாங்கும் கம்பிகளுக்கான துளைகளை ஒரே அளவுக்குப் போட்டு அனுப்பியிருக்கிறார்கள். 186 என்பது 189 ஆனதில் சாய்வு அரை டிகிரிகூட மாறவில்லை. ஆனால் சாய்வான நீளம் படிக்கு ஒன்றே முக்கால் மி.மீ. கூடி, உச்சிக்குப் போவதற்குள் ஏறக்குறைய 24 மி.மீ. விலகல். கீழே இரண்டு மூன்று கம்பி சரியாக உட்கார்ந்தன, மேலே ஒன்றும் துளைக்கு நேராக வரவில்லை. கடைசியில் புதுக் கட்டை வாங்கினோம். கம்பியின் தலையில் சுழலும் மூட்டும், கட்டையின் அடியில் நீளவாக்கில் ஒரு காடியும் இருந்தால் இந்தச் செலவே இல்லை.

அடுத்தது தளர்வு. குழாயைப் போல்ட் கவ்விப் பிடிக்கும் பிடியில்தான் எல்லாம் நிற்கிறது. தினமும் நாலு பேர் ஏறி இறங்கும் அதிர்வில் அது மெல்ல இளகும். முதலில் சத்தம், பிறகு லேசான ஆட்டம். ஸ்பிரிங் வாஷரை நம்புவதை விட்டுவிட்டு, உள்ளே நைலான் வளையம் இருக்கும் நைலாக் நட்டுக்கு மாறினோம். இறுக்கிய பின் நட்டுக்கும் தகட்டுக்கும் சேர்த்து வெள்ளைப் பெயின்டில் ஒரு கோடு. கோடு உடைந்திருந்தால் நட்டு திரும்பியிருக்கிறது, ஸ்பேனரை எடுக்க வேண்டும். உயரம் முடிவான பிறகு குறுக்கே ஒரு ஊசி அடித்துப் பூட்டும் துளையைக் கம்பெனியே கொடுத்திருக்கலாம். வாழ்நாளில் ஒருமுறையோ இருமுறையோ மாற்றப்போகும் உயரத்துக்காக எல்லா இணைப்பையும் என்றைக்கும் நழுவக்கூடியதாக வைத்திருப்பது என்ன நியாயம்?

பலகையைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. மழைக்காலத்தில் உப்பிக் கிறீச்சிடும். பலகைக்கும் தகட்டுக்கும் நடுவே ரப்பர் வாஷர் வைத்ததும் முக்கால்வாசி அடங்கியது. பீரோ இந்தப் படியில் ஏறாது. கயிறு கட்டி பால்கனி வழியாகத்தான்.

குழந்தை இருக்கும் வீட்டுக்கு ஒன்று. படிகளுக்கு இடையில் அடைப்பு இல்லாததால் 146 மி.மீ. சந்து இருந்தது, தவழும் பிள்ளை தலையை நுழைத்துவிடும். பல நாடுகளின் விதிகளில் சுமார் 100 மி.மீ. உருண்டை நுழையக் கூடாது என்பதுதான் வரையறை. ஒவ்வொரு பலகைக்கு அடியிலும் 50 மி.மீ. மரப்பட்டை அடித்தோம். டைல்ஸ் வந்த பிறகும் 99தான்.

இப்போது கீழேயும் டைல்ஸ் போடலாம் என்று வீட்டில் பேச்சு. அதே கனத்தில் போட்டு, அடித்தகட்டையும் அதன் மேலேயே தூக்கி வைத்தால் மொத்த உயரம் மறுபடி 2,790. லேத்தில் செய்த வளையங்களையெல்லாம் கழற்ற வேண்டியதுதான். பழைய கைப்பிடிக் கட்டையைப் பரணில் போட்டு வைத்திருக்கிறேன். அதன் துளைகள் அப்போது சரியாகவே பொருந்தும்.