ராலி சைக்கிளின் கொக்கு: நான்கு முறை மாட்டிய கதை

தாத்தாவின் ராலி சைக்கிளைப் புதுப்பித்து ஏழு வருஷம் ஆகிறது. ரிம், செயின், பால்ரஸ், சீட் எதுவுமே என்னை இந்தப் பாடு படுத்தவில்லை. படுத்தியது ஹேண்டிலுக்குக் கீழே இருக்கும் ஹெட் குழாயின் நெற்றியில் உள்ள பித்தளை வில்லைதான். கொக்குத் தலை பொறித்து, ‘நாட்டிங்ஹாம், இங்கிலாந்து’ என்று ஊர்ப் பெயரும் போட்ட வில்லை. அந்த ஊரின் ராலி தெருவில் இருந்த ஒரு சின்னப் பட்டறை ஃபிராங்க் பவுடன் கைக்கு வந்து பெரிய கம்பெனியானதும், தெருவின் பெயர்தான் சைக்கிளின் பெயரானது என்பதும் எல்லாம் நான் பிற்பாடு படித்தது. எங்கள் வீட்டில் அது எப்போதும் ‘கொக்கு வண்டி’.

பவுடர் கோட்டிங்குக்கு (தூள் பெயின்ட்டைத் தூவிச் சூட்டில் உருக்கிப் பிடிக்க வைப்பது) கொடுத்த இடத்தில் வில்லையை ஸ்க்ரூ டிரைவர் விட்டு நெம்பி எடுத்திருந்தார்கள். செய்தித்தாளில் மடித்துக் கொடுத்தபோது வில்லை அப்பளம் மாதிரித் தட்டையாக இருந்தது. அதன் முக்கியத்துவம் அன்று எனக்குப் புரியவில்லை. புளி போட்டுத் தேய்த்துப் பளபளவென்று ஆக்கினேன். கறுப்போடு பள்ளங்களில் இருந்த பழைய சிவப்புப் பெயின்ட்டும் போய்விட்டது. அப்புறம் எனாமல் பெயின்ட்டைக் குண்டூசி முனையில் தொட்டுத் தொட்டு நிரப்பி, மேலே வழிந்ததை விசிட்டிங் கார்டு விளிம்பால் வழித்து எடுக்க இரண்டு ராத்திரி பிடித்தது. புளி வைத்தியம் பாத்திரத்துக்குச் சரி, வில்லைக்கு வேண்டாம்.

முதலில் இரட்டைப் பக்க ஃபோம் டேப் ஒட்டினேன். குழாயில் இருந்த பழைய ஓட்டைகளைத் தொட வேண்டாம், பெயின்ட்டும் கெடாது என்ற எண்ணம். கார்த்திகையில் ஒட்டியது சித்திரை வரை நின்றது. அக்னி நட்சத்திரம் தொடங்கி மூன்றாம் நாள், ஒரு ஓரம் நகம் நுழையும் அளவுக்குத் தூக்கிக்கொண்டது. மறுபடி அழுத்தினேன். மறுபடி தூக்கியது.

அடுத்தது அரால்டைட், இரண்டு டியூபைக் கலந்து பூசும் பசை. உப்புத்தாள் போட்டு இரண்டு பக்கமும் சொரசொரப்பாக்கி, ரப்பர் டியூபால் கட்டி ஒரு நாள் முழுக்க விட்டுவைத்தேன். ஒன்றரை வருஷம் அசையவில்லை. நானும் எல்லாரிடமும் பெருமை பேசினேன். ஒரு நாள் ஸ்டாண்டு நழுவி வண்டி சாய்ந்தது, வில்லை தெறித்து விழுந்தது. எடுத்துப் பார்த்தால் பசை பத்திரமாக வில்லையோடு இருக்கிறது. அதன் மேல் பாலாடை மாதிரி பவுடர் கோட்டிங்கும் உரிந்து வந்திருக்கிறது! பசை தோற்கவில்லை, பசை பிடித்திருந்த பெயின்ட்தான் இரும்பை விட்டுவிட்டது.

பித்தளையும் இரும்பும் வெயிலில் வேறு வேறு அளவில் விரியும், அதனால்தான் கழன்றது என்று நண்பர் ஒருவர் சொன்னார். கணக்குப் போட்டேன். ஐந்து சென்டிமீட்டர் வில்லை 40 டிகிரி கூடுதலாகச் சூடானால் இரண்டுக்கும் வரும் வித்தியாசம் ஒரு மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கு சொச்சம். வில்லையைத் தெறிக்க வைக்க இது போதாது.

மூன்றாவது முறை ஒரு மெக்கானிக்கிடம் போனேன். “இதுக்குப் போய் இவ்வளவு யோசிக்கிறீங்களே தம்பி, ரெண்டு பாப் ரிவிட் அடிச்சா ஆயுசுக்கும் அசையாது” என்றார். வெளியிலிருந்தே அடித்தால் உள்ளே வால் உப்பிப் பிடித்துக்கொள்ளும் ஆணி அது. பழைய இரண்டு ஓட்டைகளையும் டிரில் விட்டுக் கொஞ்சம் பெரிதாக்கி அடித்தும் கொடுத்தார். அசையவில்லைதான். ஆனால் ஹேண்டிலைத் திருப்பும்போதெல்லாம் உள்ளே ‘கரக்’ என்றது. முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் ஃபோர்க்கைக் கழற்றினேன். ஹெட் குழாய்க்குள் போகும் அதன் தண்டில் பளிச்சென்று இரண்டு கீறல். என் வண்டியில் தண்டுக்கும் ஹெட் குழாய்க்கும் நடுவே ஒன்றரை மில்லிமீட்டர்தான் இடைவெளி. ரிவிட்டின் வால் உள்ளே உப்பிக்கொண்டு அதை உரசியிருக்கிறது. ரிவிட்டைத் துளைத்து எடுத்ததில் வில்லையின் ஓட்டையும் அகன்றது.

அன்றைக்குத்தான் வெறும் வில்லையைக் குழாயின் மேல் சும்மா வைத்துப் பார்த்தேன். நடுவில் மட்டும் தொட்டது, இரண்டு ஓரமும் மூன்று மில்லிமீட்டர் தூக்கி நின்றது. முதல் நாளே பார்த்திருக்க வேண்டியது இது. மூன்று முறையும் நான் மாட்டிக்கொண்டிருந்தது ஒரு ஸ்பிரிங்கை. டேப்பையும் பசையையும் அது ராப்பகலாக இழுத்துக்கொண்டே இருந்திருக்கிறது.

சப்பாத்திக் கட்டையில் துணி சுற்றி, அதன் மேல் வில்லையை வைத்துக் கட்டை விரலால் ஓரத்திலிருந்து நடுவுக்கு மெதுவாக அழுத்தி வளைத்தேன். கட்டை ஹெட் குழாயைவிடக் கொஞ்சம் ஒல்லியாக இருக்க வேண்டும், ஏனென்றால் விட்டதும் பித்தளை சற்றுத் திரும்பி விரியும். சுத்தியல் கூடாது. அரை மணி நேரத்தில், கையை எடுத்தாலும் குழாயைத் தழுவிக்கொண்டு உட்காரும் அளவுக்கு வந்துவிட்டது. (கட்டை திரும்ப அடுப்படிக்குப் போகவில்லை. புதுசு வாங்கித் தர வேண்டியதாயிற்று.)

பிடிப்புக்கு ஹேமர் டிரைவ் ஸ்க்ரூ. மோட்டாரில் நேம் பிளேட் அடிக்கிற ஸ்க்ரூ என்று கேட்டால் காயில் கட்டும் கடைக்காரர்களுக்குத் தெரியும். உடம்பில் சாய்வான புரி இருக்கும், சுத்தியலால் தட்டினால் தானே சுழன்றுகொண்டு இறங்கும். ஓட்டை இரண்டரை மில்லிமீட்டர் ஆகிவிட்டதால் நான்காம் எண் அளவு ஸ்க்ரூ வாங்கினேன். அதன் தலை கொஞ்சம் பெரிது, வில்லையின் ஓரக் கோட்டைத் துளி மறைக்கிறது. அதற்கு ஒன்றும் செய்ய முடியவில்லை.

இதை ஃபோர்க் வெளியே இருக்கும்போதுதான் அடிக்க வேண்டும். பிரேமை மணல் மூட்டையின் மேல் படுக்க வைத்து, வில்லை கீறாமலிருக்க ஓட்டை போட்ட அட்டையை மேலே வைத்து, சின்ன சுத்தியலால் நாலைந்து தட்டு. உள்ளே நீட்டிக்கொண்டிருந்த முனைகளை வட்ட அரத்தால் ராவிவிட்டு, தூளைத் துடைத்து, கிரீஸ் வைத்து, ஃபோர்க்கை மாட்டினேன். சத்தமில்லை. மழைத் தண்ணீர் போகாதிருக்க வில்லையின் பின்னால் மெல்லிசாக சிலிக்கான் தடவியிருந்தேன். வினிகர் வாடை அடிக்கும் சிலிக்கானை வாங்கிவிடாதீர்கள், அந்த அமிலம் பித்தளையை அரிக்கும்.

இப்படி மாட்டி நாலு வருஷம் தாண்டிவிட்டது. தினமும் வெயிலில் நிற்கும் வண்டி. இரண்டு தடவை கீழே விழுந்தும் வில்லை இம்மி நகரவில்லை. குறை ஒன்று உண்டு: கடையில் கிடைத்தது இரும்பு ஸ்க்ரூ. இரண்டாவது மழைக்காலத்திலேயே ஒரு தலையிலிருந்து துருக்கோடு இறங்கியது. துடைத்துவிட்டு நிறமில்லாத நெயில் பாலிஷ் ஒரு சொட்டு வைத்தேன். வருஷத்துக்கு ஒரு தடவை, ஐப்பசிக்கு முன்னால், இன்னொரு சொட்டு. ஸ்டெயின்லெஸ் ஸ்க்ரூ இரண்டு வாங்கி டப்பாவில் வைத்திருக்கிறேன். அடுத்து ஹெட் பால்ரஸ் மாற்றக் கழற்றும்போது அதையும் மாற்றிவிடுவேன்.