காலைச் சாப்பாட்டை விடுவதா, ராத்திரிச் சாப்பாட்டை விடுவதா?

இங்கே மதுரையில் எனக்குத் தெரிந்தவர்களில் பாதிப் பேர், உடம்புக்கு நல்லது என்று, மதியம் 12 முதல் இரவு 8 வரை மட்டும்தான் சாப்பிடுகிறார்கள், காலையில் வெறும் காபி. நானும் மூன்று மாதம் அப்படி இருந்துவிட்டு, அப்புறம் திருப்பிப் போட்டு, காலை 8-க்குத் தொடங்கி மாலை 6-க்குள் முடிக்க ஆரம்பித்தேன். எது நல்லது என்று கேட்டால் தயங்காமல் இரண்டாவதைத்தான் சொல்வேன்.

நம் உடம்புக்குள்ளேயே நேரம் பார்க்கிற கடிகாரங்கள் உண்டு. மூளையில் இருக்கிற கடிகாரம் வெளிச்சத்தைப் பார்த்து ஓடுகிறது. கல்லீரல், கணையத்தில் இருப்பவை நாம் சாப்பிடும் நேரத்தையும் பார்த்து ஓடுகின்றன. (இந்தக் கடிகாரம் எப்படி ஓடுகிறது என்று கண்டறிந்த மூன்று பேருக்குத்தான் 2017-ல் மருத்துவ நோபல்.) ரத்தத்தில் சர்க்கரையை இறக்குகிற இன்சுலின் காலையில் நன்றாக வேலை செய்யும், இருட்டியபின் தூக்கத்துக்கான ஹார்மோனான மெலடோனின் ஏற ஏற கணையம் இன்சுலின் விடுவதைக் குறைத்துக்கொள்ளும். அதே மூன்று இட்லி, அதே தேங்காய்ச் சட்னி, காலை 8-க்கு ஒரு நாள், இரவு 9-க்கு ஒரு நாள் சாப்பிட்டு விரலில் குத்தி ரத்தச் சர்க்கரையைப் பார்த்தேன். ராத்திரி சர்க்கரை அதிகமாக ஏறியது, இறங்கவும் அதிக நேரம் ஆனது. 2018-ல் அமெரிக்காவில் சர்க்கரை நோயின் விளிம்பில் இருந்த 8 ஆண்களை 5 வாரம் மதியம் 3 மணிக்குள் சாப்பாட்டை முடிக்க வைத்தார்கள், எடை குறையாமலே இன்சுலின் செயல்பாடும் ரத்த அழுத்தமும் சீரானது. சின்ன ஆய்வுதான், ஆனால் எனக்கு நம்பிக்கை தந்தது.

12–8 முறைக்கு ஒரு பெரிய பலம் உண்டு, வீட்டில் எல்லோரோடும் உட்கார்ந்து சாப்பிடலாம். அதுவும் மதுரையில், ராத்திரி பத்தரைக்குப் பரோட்டாவைப் பிய்த்துப் போட்டு சால்னா ஊற்றும் வாசம் தெரு முழுக்க வரும்போது, ஆறு மணிக்கே வாயைக் கட்டுவது உண்மையிலேயே கஷ்டம். ஆனால் இதே ஊர்ப்பக்கம், கீழக்குயில்குடி சமணர் மலையில் தங்கிய துறவிகளின் நெறியே பொழுது சாய்ந்தபின் உண்ணாமைதானே.

மாட்டுத்தாவணி பூ மார்க்கெட்டில் விடிய விடிய மூட்டை இறக்குகிறவரிடம் போய் ஆறு மணிக் கணக்குப் பேச முடியாது. அவர் நடுச்சாமத்தில் வயிறு முட்டச் சாப்பிடாமல், பெரிய சாப்பாட்டைப் பகலில் வைத்துக்கொண்டாலே நல்லது. சர்க்கரை மாத்திரை, இன்சுலின் எடுப்பவர்கள் டாக்டரிடம் கேட்காமல் எந்த வேளையையும் விடாதீர்கள், சர்க்கரை சட்டென்று இறங்கிவிடும்.

எங்கள் வீட்டில் இப்போது மாலை ஆறு மணிக்கு முன்னாலேயே தோசைக்கல் அடுப்பில் ஏறிவிடுகிறது. கறிதோசை ஞாயிறு மதியத்துக்கு மாறிவிட்டது.